வெள்ளையா... சாம்பலா... நீலமா? பாஸ்போர்ட், விசா போட்டோவில் கோட்டை விடாதீங்க!

திருநெல்வேலி:

சவுதிக்கு டிரைவர் வேலை, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை, அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு பிரசவ துணை... நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு காரணம் ஆயிரம் இருக்கும். மெடிக்கல், டிக்கெட், ஏஜெண்ட் கமிஷன் என்று லட்சக்கணக்கில் செலவு பண்ணுவார்கள். ஆனால் கடைசி நேரத்தில் பலர் மாட்டிக்கொள்வது ஒரு சின்ன போட்டோவில்தான். "பேக்ரவுண்டு சரியில்லை, வேற போட்டோ கொண்டு வாங்க" என்று கவுண்டரில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைய அப்பாயின்ட்மெண்ட் அம்போ! நெல்லையில் இருந்து ராத்திரி பஸ் ஏறி சென்னைக்கு போனவர், அங்கே தெரியாத தெருவில் ஸ்டூடியோ தேடி அலைய வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் காரணம் "பாஸ்போர்ட் சைஸ்" என்ற ஒரு வார்த்தை. "அண்ணாச்சி, எட்டு காப்பி பாஸ்போர்ட் சைஸ் போடுங்க" என்று கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு முதல் அமெரிக்க விசா வரை அதையே ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு சைஸ் உலகத்தில் கிடையாது. நாட்டுக்கு நாடு அளவு மாறும், பின்னணி நிறம் மாறும், அந்த சதுரத்துக்குள் தலை எவ்வளவு பெரிதாக தெரியணும் என்பதும் மாறும். நீட் தேர்வுக்கு எடுத்த போட்டோ வெள்ளை பின்னணியில்தான் இருக்கும். அதுக்காக அதை விசாவுக்கு கொடுத்தால் ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது.

பாஸ்போர்ட்டுக்கு போட்டோ கொண்டு போகணுமா?

முதலில் நம்ம ஊர் பாஸ்போர்ட். பலருக்கும் இன்னும் தெரியாத விஷயம், பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்கு பெரியவர்கள் போட்டோ கொண்டு போகவே தேவையில்லை. அங்கே கவுண்டரில் கேமரா இருக்கிறது. விண்ணப்பதாரரை உட்கார வைத்து அவர்களே படம் எடுத்து, கைரேகையும் பதிவு செய்துகொள்வார்கள். மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வரும் நெல்லை மையத்திலும் இதே நடைமுறைதான். இந்த மையங்கள் வருவதற்கு முன்பு, விண்ணப்பத்தில் மூன்றரை சென்டிமீட்டர் சதுர போட்டோவை பசை தடவி ஒட்டிய காலம் ஒன்று இருந்தது. 2010-ம் ஆண்டு சோதனை முறையில் சேவா கேந்திராக்கள் தொடங்கிய பிறகு அது மலையேறிவிட்டது.

விதிவிலக்கு 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இவர்களுக்கு மட்டும் நாலரை சென்டிமீட்டர் உயரம், மூன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் வெள்ளை பின்னணி போட்டோவை கையோடு எடுத்துச்செல்ல வேண்டும். பிஞ்சு குழந்தையை கேமரா முன் உட்கார வைத்து நேராக பார்க்க வைப்பது லேசுப்பட்ட காரியமா என்ன!

சேவா கேந்திராவில் நம்ம ஆட்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. நல்ல காரியத்துக்கு போகிறோம் என்று பளிச்சென வெள்ளை சட்டை போட்டுப்போவது! அங்கே பின்னணியும் வெள்ளை. சட்டை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் தலை மட்டும் அந்தரத்தில் மிதப்பது போல படம் விழும். அரசியல் பிரமுகர்களுக்கு இது ரொம்ப பொருந்தும். கருநீலம், பச்சை, அரக்கு என்று கொஞ்சம் அடர்த்தியான நிறத்தில் சட்டையோ சேலையோ கட்டிப்போனால் படம் எடுப்பாக இருக்கும். 10 வருஷத்துக்கு அந்த முகத்தைத்தானே தூக்கிக்கொண்டு அலையணும்.

உளவாளியால் வந்த போட்டோ

பாஸ்போர்ட்டில் போட்டோ ஒட்டும் பழக்கமே 100 வருஷத்து கதைதான். அதற்கு முன்பு உயரம், கண் நிறம், மூக்கு வடிவம், அங்க அடையாளம் என்று எழுத்தில் விவரித்து வைத்திருப்பார்கள். முதலாம் உலகப்போர் வெடித்ததும் கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மன் உளவாளி, வேறொருவர் பெயரில் இருந்த அமெரிக்க பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பிரிட்டனுக்குள் ஹாயாக சுற்றினார். பிடிபட்ட அவர் 1914-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி லண்டன் டவரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த மாதமே அமெரிக்கா தன் பாஸ்போர்ட்டுக்கு போட்டோவை கட்டாயம் ஆக்கியது. 1915-ல் பிரிட்டனும் அதே வழியில் வந்தது. அந்தக்கால படங்களை பார்த்தால் சிரிப்பு வரும். தொப்பி போட்டவர், சாய்ந்து நிற்பவர், குடும்பத்தோடு குரூப் போட்டோவாகவே ஒட்டியவர் என்று எல்லா தினுசும் உண்டு.

இப்போதைய கெடுபிடிகளுக்கு மூலம், ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் சர்வதேச சிவில் விமான போக்குவரத்து அமைப்பு. கனடாவின் மாண்ட்ரீல் நகரில் தலைமையகம் கொண்ட இந்த அமைப்பு, 'ஆவணம் 9303' என்ற பெயரில் உலக பாஸ்போர்ட்டுகளுக்கான விதிகளை 1980-ல் முதன்முதலாக வெளியிட்டது. 2003-ம் ஆண்டு, பயண ஆவணங்களில் ஆளை அடையாளம் காண முகத்தையே முதன்மையாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. கையால் எழுதிய பாஸ்போர்ட்டுகளுக்கு 2015-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதியோடு உலகம் முழுக்க மூடுவிழா நடந்தது.

அப்புறம் வந்ததுதான் 'சிப்' பதித்த இ-பாஸ்போர்ட். இந்தியாவில் 2024 ஏப்ரலில் சோதனையாக தொடங்கி, சென்னை மண்டலத்தில் 2025 மார்ச்சில் வழங்க ஆரம்பித்தார்கள். அட்டைக்குள் இருக்கும் சிப்பில் நம் முகம் சுமார் 15 முதல் 20 கே.பி. அளவுள்ள சின்ன பைலாக உட்கார்ந்திருக்கும். விமான நிலையத்தில் தானியங்கி கதவு முன்னால் நின்றால், கேமரா நம் முகத்தை படம்பிடித்து பதிவில் உள்ள முகத்தோடு ஒத்துப்பார்க்கும். முன்பே பதிவு செய்துகொண்ட பயணிகளுக்கான இந்த மாதிரி கதவுகள் சென்னை விமான நிலையத்தில் 2025 ஜனவரியிலும், திருச்சியில் அதே ஆண்டு செப்டம்பரிலும் வந்துவிட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

அப்படி என்ன இருக்கு பின்னணியில்?

ஆபீசர் கண்ணால் பார்த்த காலத்தில் பின்னணி என்ன நிறமாக இருந்தாலும் குடிமுழுகிப்போகவில்லை. இப்போது முதலில் பார்ப்பது கம்ப்யூட்டர். அது முதலில் தலையின் விளிம்பை தேடும், பிறகு இரண்டு கண்ணையும் தேடும். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே குறைந்தது 90 பிக்சலாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. பின்னால் திரைச்சீலை மடிப்பு, காலண்டர், கதவு நிலை, காதுக்கு பின்னால் கருப்பு நிழல் இதெல்லாம் இருந்தால் அதற்கு குழப்பம். அதனால்தான் ஒரே நிறம், வெளிர் நிறம், நிழல் கூடாது என்று எல்லா நாடும் சொல்கிறது.

அப்புறம் ஏன் ஒரு நாடு வெள்ளை, இன்னொரு நாடு சாம்பல்? வெளுத்த தோல், வெளிர் தலைமுடி உள்ளவர்களை வெள்ளை சுவர் முன் நிறுத்தினால் விளிம்பு கரைந்துவிடும். ஐரோப்பிய நாடுகள் பலவும் வெளிர் சாம்பலை விரும்புவதற்கு இதுதான் காரணம். நம்ம ஊர் கருப்பு முடிக்கு வெள்ளை பின்னணி கச்சிதம். முடி முழுக்க நரைத்த தாத்தா, பாட்டிகளுக்குத்தான் சங்கடம். அவர்களுக்கு முகத்தில் வெளிச்சத்தை கொஞ்சம் அடக்கி எடுக்க வேண்டும். இது தெரிந்த ஸ்டூடியோகாரர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தால் அதிகம்.

எந்த நாட்டுக்கு என்ன?

அமெரிக்க விசாவுக்கு 2 இஞ்சுக்கு 2 இஞ்சு சதுரம், அதாவது 51 மி.மீ. பின்னணி வெள்ளை அல்லது மங்கல் வெள்ளை. தாடையில் இருந்து உச்சந்தலை வரை 25 முதல் 35 மி.மீ. இருக்க வேண்டும். டி.எஸ்.160 படிவத்தில் ஏற்றும் படம் 600-க்கு 600 பிக்சலில் தொடங்கி 1200-க்கு 1200 வரை போகலாம், ஜேபெக் பைலாக 240 கே.பி.க்குள் அடங்க வேண்டும். எடுத்து 6 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. படம் ஏறவில்லை என்றால் உறுதிச்சீட்டில் போட்டோ இடத்தில் பெருக்கல் குறி விழும். அப்படி விழுந்தால் அச்சிட்ட போட்டோவை கையில் கொண்டு போக வேண்டும். மூக்குக்கண்ணாடிக்கு 2016-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி முதல் அங்கே தடை. பவர் கண்ணாடியாக இருந்தாலும் கழற்றத்தான் வேண்டும். போலீஸ், ராணுவம் மாதிரி யூனிபாரத்தோடும் எடுக்கக்கூடாது.

பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா போட்டோ 35-க்கு 45 மி.மீ. முகம் 32 முதல் 36 மி.மீ. வரை நிறைந்திருக்கணும். அதிலும் பிரான்ஸ் ஒரு படி மேலே போய், வெள்ளை பின்னணியே கூடாது என்கிறது. வெளிர் நீலம் அல்லது வெளிர் சாம்பல்தான். நம்ம ஊரில் எல்லாத்துக்கும் வெள்ளை போடுகிற பழக்கத்தில் கைநிறைய பிரிண்ட் போட்டு வைத்தால் அவ்வளவும் வீண்.

பிரிட்டன் விசாவுக்கு போகிறவர்களுக்கு பெரும்பாலும் விண்ணப்ப மையத்திலேயே முகத்தையும் கைரேகையையும் பதிவு செய்துகொள்கிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மவர்கள் அதை புதுப்பிக்க போட்டோ அச்சிட்டு கொடுப்பதானால் க்ரீம் நிறம் அல்லது வெளிர் சாம்பல் பின்னணி வேண்டும். தாள் 35-க்கு 45 மி.மீ.தான், ஆனால் தலை 29 முதல் 34 மி.மீ.

இங்கேதான் சூட்சுமமே இருக்கு. ஷெங்கனுக்கும் பிரிட்டனுக்கும் தாள் அளவு ஒன்றுதான், தலை அளவு வேற! "அதே 35-45 தானே" என்று ஒன்றுக்கு எடுத்ததை இன்னொன்றுக்கு நீட்டினால் ஸ்கேல் வைத்து அளந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். கனடா விசாவுக்கும் அதே 35-45 தாள், முகம் 31 முதல் 36 மி.மீ. கனடா பாஸ்போர்ட்டுக்கு என்றால் 50-க்கு 70 மி.மீ. என்ற பெரிய சைஸ்.

சிங்கப்பூருக்கு 35-க்கு 45 மி.மீ., வெள்ளை பின்னணி. ஆன்லைனில் ஏற்ற 400-க்கு 514 பிக்சல். 3 மாதத்துக்குள் எடுத்த படமாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. மலேசியா 35-க்கு 50 மி.மீ., வெள்ளை. சீனா 33-க்கு 48 மி.மீ., அதுவும் வெள்ளை. சவுதி, அமீரகம் பக்கமும் வெள்ளைதான். ஹஜ், உம்ரா பயணிகளும் வெள்ளை பின்னணியில்தான் எடுக்க வேண்டும். தலையில் துணி போடும் பெண்களுக்கு தடை இல்லை. ஆனால் தாடை முதல் நெற்றி வரை, இரண்டு கன்னமும் முழுசாக தெரிய வேண்டும். துணியின் நிழல் முகத்தில் விழக்கூடாது.

இந்தோனேசியாவில் ஒரு வேடிக்கை. அங்கே உள்நாட்டு அடையாள அட்டையில், ஒற்றைப்படை ஆண்டில் பிறந்தவருக்கு சிவப்பு பின்னணி, இரட்டைப்படை ஆண்டில் பிறந்தவருக்கு நீல பின்னணி!

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் கவனத்துக்கு

துபாய், தோகா, மஸ்கட் என்று வேலை பார்க்கும் நம் ஆட்கள் அங்கிருந்தே இந்திய பாஸ்போர்ட்டை புதுப்பிக்கும்போது போட்டோ கொடுக்க வேண்டும். முன்பு பல தூதரகங்களில் 2 இஞ்சு சதுர போட்டோவை வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி முதல் இது மாறிப்போச்சு. 630-க்கு 810 பிக்சல், வெள்ளை பின்னணி, முகம் மட்டும் படத்தில் 80 முதல் 85 சதவீதம், கண் திறந்து வாய் மூடி இருக்கணும், சாப்ட்வேர் வைத்து எந்த திருத்தமும் செய்யக்கூடாது என்று புது விதி. 630-க்கு 810 என்பது என்னவோ ஏதோ என்று பயப்பட வேண்டாம். 35-க்கு 45 என்ற அதே விகிதம்தான், ஒரு மில்லிமீட்டருக்கு 18 பிக்சல் வீதம். பழைய சதுர போட்டோவை வைத்திருப்பவர்கள் அதை இழுத்து நீட்டி இந்த அளவுக்கு கொண்டு வந்தால் முகம் ஒடுங்கிப்போகும். புதுசாக எடுப்பதுதான் ஒரே வழி.

கோட்டு ஒட்டுவதும், கலர் ஏற்றுவதும்

இனி நம்ம ஊர் ஸ்டூடியோ சமாசாரத்துக்கு வருவோம். லுங்கி சட்டையோடு போகிறவருக்கு கம்ப்யூட்டரில் கோட்டு சூட்டு, டை மாட்டிவிடுவது, மாநிறத்தை சிவப்பாக்குவது, மச்சம், பரு எல்லாம் துடைப்பது, நீல பின்னணியை வெட்டி எடுத்து வெள்ளையை ஒட்டுவது... இதெல்லாம் 5 நிமிஷ வேலை. கல்யாண தரகருக்கு கொடுக்க இது சரி. விசாவுக்கு கொடுத்தால் வம்பு. வெட்டி ஒட்டும்போது முடி ஓரம் கத்தரிக்கோலால் நறுக்கியது போல தெரியும். காது மடல் பாதி காணாமல் போகும், கம்மல் அந்தரத்தில் நிற்கும். மச்சத்தை துடைத்துவிட்டால், பாஸ்போர்ட்டில் இருக்கும் முகம் ஒன்று, விசாவில் இருக்கும் முகம் இன்னொன்று ஆகிவிடும். குடியுரிமை அதிகாரி முன்னால் நின்று "அது நான்தான் சார்" என்று கெஞ்சும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது. செல்போனில் வரும் அழகுபடுத்தும் பில்டர், ஏ.ஐ. ஆப் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

திருத்தத்துக்கு இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், இரண்டு பேர் முகத்தை கலந்து ஒரே முகமாக்கி, அந்த ஒரே பாஸ்போர்ட்டில் இருவரும் பயணம் செய்யும் மோசடி உலகத்தில் நடக்கிறது. கண்ணால் பார்த்தாலும் தெரியாது. இதை தடுக்கத்தான் ஜெர்மனி 2025 மே 1-ந் தேதி முதல் தன் குடிமக்களின் பாஸ்போர்ட், அடையாள அட்டைகளுக்கு காகித போட்டோ வாங்குவதையே நிறுத்தி, பாதுகாப்பான வழியில் வரும் டிஜிட்டல் படத்தை மட்டும் ஏற்கிறது. நம்ம சேவா கேந்திராவில் நேரில் உட்கார வைத்து எடுப்பதும் இதுக்கு நல்ல பூட்டுதான்.

ஆகவே பின்னணி வெள்ளை வேண்டும் என்றால் நிஜமான வெள்ளை திரை முன்னால்தான் எடுக்க வேண்டும். திரையை ஒட்டி நின்றால் நிழல் விழும். 2, 3 அடி முன்னால் தள்ளி, இரண்டு பக்கமும் சமமாக லைட் வைத்தால் நிழல் ஓடிவிடும். மேலே இருந்து ஒரே லைட் அடித்தால் கண்ணுக்கு கீழே கருவளையம் வந்து ஆளே நோயாளி போல இருப்பார். கேமரா கண் மட்டத்தில், 4 அடிக்கு குறையாத தூரத்தில் இருக்கணும். செல்பி எடுத்தால் மூக்கு பெருத்து காது சுருங்கும், வேண்டவே வேண்டாம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வெள்ளைச்சுவர் சந்தன நிறமாக விழும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன பொட்டு, மூக்குத்தி பிரச்சினை இல்லை. லைட் பட்டு பளிச்சென மின்னும் கல் மூக்குத்தி, முகத்தை மறைக்கும் பெரிய ஜிமிக்கி இரண்டையும் தவிர்க்கலாம். முடியை காதுக்கு பின்னால் ஒதுக்கினால் முகத்தின் ஓரம் தெளிவாக விழும். ஆண்களுக்கு, கார்த்திகை மாதம் மாலை போட்டு தாடியோடு இருக்கும்போது எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். தாடிக்கு தடை எதுவும் கிடையாது. ஆனால் தை பிறந்து தாடியை எடுத்த பிறகு பயணம் என்றால், அப்போதைய முகத்தோடு எடுப்பதே உத்தமம்.

குழந்தைகளுக்கு, பாயில் சுருக்கம் இல்லாமல் வெள்ளை துணி விரித்து படுக்க வைத்து மேலே இருந்து எடுக்கலாம். எடுப்பவரின் நிழலும் அம்மாவின் கையும் படத்தில் வரக்கூடாது. பால்புட்டி, நிப்பிள், கிலுகிலுப்பை எதுவும் தெரியக்கூடாது. கைக்குழந்தைக்கு கண் முழுசாக திறக்கவில்லை என்றால் அமெரிக்கா ஒத்துக்கொள்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை கண்ணை மூடியிருந்தாலும் பிரிட்டன் பாஸ்போர்ட்டுக்கு செல்லும்.

பிரிண்ட் போடும்போது...

4-க்கு 6 இஞ்சு தாளில் 35-45 போட்டோ 8 வரும், அமெரிக்க சதுரம் 6 வரும். சில பிரிண்டர்கள் ஓரம் விடுவதற்காக படத்தை கொஞ்சம் சுருக்கிவிடும். 35 மி.மீ. என்று போட்டது 33 ஆக வந்து நிற்கும். கடையை விட்டு இறங்கும் முன் ஸ்கேல் வாங்கி அளந்து பார்ப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தலை அளவையும் சேர்த்து அளக்கணும். பின் அடித்தோ, பின்பக்கம் பேனாவை அழுத்தி எழுதியோ கெடுத்துவிடாமல் கவரில் போட்டு வைக்க வேண்டும்.

ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறவர்கள் படமாக அனுப்பினால் அது நசுங்கி தரம் குறைந்துதான் போய் சேரும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும். அச்சிட்ட போட்டோவை செல்போனில் மறுபடி படம்பிடித்து அனுப்புவது இன்னும் மோசம். ஸ்டூடியோவில் காசு கொடுக்கும்போதே, வெட்டாத ஒரிஜினல் பைலையும் கேட்டு வாங்கி தங்கள் இ-மெயிலுக்கு ஒன்று அனுப்பி வைத்துக்கொண்டால், அடுத்த 6 மாதத்துக்குள் வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்க நேர்ந்தாலும் அதிலிருந்தே அந்த நாட்டு அளவுக்கு வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.